வெர்னாவின் கால் பங்கு

பாசடீனா, கலிஃபோர்னியா
8 செப்டம்பர் 1974

அன்புள்ள தம்பி ஆர்விலுக்கு,

நான் நலம். நீயும் டோரீனும் நலம்தானே? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பியானோ தூக்க நாலு பேர் வேண்டுமென்றால் நாலு பேர் வரும்வரை நில். நீ ஒருத்தனே இரண்டு ஆள் என்று நினைத்துக்கொள்ளாதே.

எலுமிச்சை மரம் காய்த்துத் தள்ளுகிறது. பையோடு வந்துவிடுவேன் என்று பயந்து, என்னைக் கண்டாலே பக்கத்து வீட்டில் கதவைச் சாத்துகிறார்கள்.

போன கடிதத்தின் அடியில் டோரீன் கிறுக்கியிருந்தாளே, "அக்கா, அந்த விண்கலத்துல நீங்க என்னதான் செய்யறீங்க?" என்று. சொல்கிறேன். ராக்கெட் கிளம்புகிற சில நிமிடங்களில் அதன் தலையில் இருக்கும் கலத்தை உலுக்கி எடுத்துவிடும். ஐந்து பவுண்டு டப்பா நூறு பவுண்டு போலக் கனக்கும். எத்தனை மடங்கு கனக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டுச் சொல்வதுதான் என் வேலை. கலமே இன்னும் உருவாகவில்லை, அசைத்துப் பார்க்க வழியில்லை. பழைய ராக்கெட்டுகளில் அளந்ததையும் கொஞ்சம் கணக்கையும் வைத்துக்கொண்டு ஓர் எண்ணை எழுதிக் கொடுப்பேன். அதை வைத்து கஸ் பெட்ராகிஸ் என்கிறவன் கருவிகளைத் தாங்கும் கால்களை வரைவான். எண் பெரிதாக இருந்தால் கால் தடிக்கும், எடை கூடும். சின்னதாக இருந்தால் கால் முறியும்.

இப்போது கலம் ஆறு பவுண்டு அதிகமாக இருக்கிறது. நவம்பர் நடுவுக்குள் ஆறு பவுண்டைக் குறைக்க வழி தெரியாவிட்டால் மிரியம் ஸ்லோட்கினின் கருவியை இறக்கிவிடுவதாக எங்கள் தலைவர் ஹாலிஸ் சொல்லிவிட்டார். வெளியில் மிதக்கும் தூசியை ஒவ்வொன்றாக எண்ணுகிற கருவி அது. பதினோரு வருட உழைப்பு. தினமும் என்னோடுதான் மதியம் சாப்பிடுவாள். இந்த வாரம் முழுக்க முட்டை சாண்ட்விச்சில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். எங்கள் எண்களில் பாதுகாப்புக்கென்று விதிப்புத்தகமே சேர்க்கச் சொல்லும் கூடுதல் ஒன்று உண்டு. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்கள் குழுவில் ஒருவர் ஆறு வருடமாக, யாரிடமும் சொல்லாமல், அதற்கு மேலும் கால் பங்கு கூட்டி எழுதுகிறார். இருபது என்று வந்தால் இருபத்தைந்து என்பார். அந்தக் கால் பங்கை எடுத்தால் மிரியம் பிழைப்பாள் என்று தோன்றுகிறது. ஆனால் அவர் வாயைத் திறக்க வேண்டுமே.

டோரீனுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா,
வெர்னா


கியர்னி, நெப்ராஸ்கா
22 செப்டம்பர் 1974

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் பிரமாதம். ஒமஹாவிலிருந்து டென்வருக்கு ஒரு பல் வைத்தியர் குடும்பத்தை என் லாரியில் குடிமாற்றினேன். வைத்தியருக்குத் தன் பழைய பல் பிடுங்கும் நாற்காலி மேல் உயிர். அந்த அம்மாளுக்கு அந்த நாற்காலியைக் கண்டாலே ஆகாது. "வழியில எங்கயாவது விழுந்து தொலைஞ்சிடுச்சுன்னு சொல்லிடேன்" என்று என் காதில் ஓதினாள். பத்திரமாகத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதன்பின் எனக்குக் காப்பி கூடக் கிடைக்கவில்லை.

உன் வேலையை டோரீனுக்குப் படித்துக் காட்டினேன். "அடேயப்பா, குழி இருக்கானு பாக்கறதுக்கு முன்னாடியே லாரி எவ்ளோ குதிக்கும்னு சொல்லணுமா?" என்றாள். சரியாகத்தானே சொன்னாள்?

அந்த "ஒருவர்" யார்? அவரைப் பிடித்து இரண்டு கேள்வி கேளேன். எதற்கு இந்தக் கால் பங்கு?

நீ எப்படி இருக்கிறாய், நிஜமாகவே?

தம்பி,
ஆர்வில்


பாசடீனா
6 அக்டோபர் 1974

அன்புள்ள ஆர்வில்,

நான் நலமாகவே இருக்கிறேன். மழை இல்லை, தலைவலி இல்லை, புகார் இல்லை.

அந்த ஒருவரின் பெயரைச் சொல்வது நியாயமில்லை. ஏன் என்று மட்டும் சொல்கிறேன். 1968-இல் ஒரு கலத்தின் காலை இங்கே உலுக்கு மேஜையில் வைத்து ஆட்டினோம். கலத்தை வானத்துக்கு அனுப்புமுன் தரையிலேயே ராக்கெட்டைப்போல உலுக்கிப் பார்க்கும் மேஜை அது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். ஒரு சத்தம். காரட்டை ஒடித்தால் வருமே, அவ்வளவுதான். அந்தக் காலுக்கு எண் கொடுத்தது அவர். யாருக்கும் அடிபடவில்லை, யாரும் அவரைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து கால் பங்கு.

இப்போது அவர் சத்தம் போடாமல் திருத்திவிடலாம் என்று நினைக்கிறார். "மறுபடி கணக்குப் போட்டேன், இருபதுதான் வருகிறது" என்று ஒரு தாளை அனுப்பினால் முடிந்தது. ஆறு வருடக் கதையை அவிழ்க்க வேண்டியதில்லை. அதில் என்ன தப்பு?

அன்புடன்,
வெர்னா


லாரமி, வயோமிங், ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து
30 அக்டோபர் 1974

அன்புள்ள அக்கா,

பதில் தாமதம். பனியில் பாதை அடைத்துவிட்டது. மூன்று நாளாக இங்கேயே உட்கார்ந்து ஆப்பிள் பை தின்றுகொண்டிருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பெல்ட்டில்தான் ஓட்டை போதவில்லை.

அந்த ஒருவர் எலுமிச்சை மரம் வளர்க்கிறவரா என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் அவரிடம் இதைச் சொல்: தப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. ஆறு வருடம் ஒரே பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தால் நடையே கோணிப் போகும்.

பரிமாறுகிற பெண் முறைக்கிறாள். இன்னொரு துண்டு வாங்க வேண்டும்.

ஆர்வில்


பாசடீனா
17 நவம்பர் 1974

அன்புள்ள தம்பி,

நலம், நலம், மிகவும் நலம்! நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும்.

சரி, அது நான்தான். உனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே பை தின்றுகொண்டிருந்தாய், திருடா.

தாளை அனுப்பிவிட்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே. "மறுகணக்கில் இருபது" என்று ஒரே வரி. கஸ் பத்து நாளில் புதிய கால்களை வரைந்து கொடுத்தான். கால்கள், அவை நிற்கும் சட்டம் எல்லாமாகச் சேர்ந்து சரியாக ஆறு பவுண்டு குறைந்துவிட்டது! மிரியம் நடைபாதையிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் மூக்கு இடித்து என் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் வளைந்துவிட்டது. அப்படியே போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 20-ஆம் தேதி உலுக்கு மேஜை. ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். போக வேண்டிய கிரகம் நமக்காக நின்று காத்திருக்காது. அந்தத் தேதி தவறினால் அடுத்த வாய்ப்புக்கு இரண்டு வருடம். ஆனால் எனக்குப் பயமே இல்லை. எண் உண்மையானது. இத்தனை நிம்மதியாக நான் தூங்கி எத்தனையோ நாளாயிற்று.

உங்கள் இருபதாவது கல்யாண நாள் வருகிறதே. இந்த வருடமாவது வீட்டில் இரு.

அக்கா


கியர்னி
9 டிசம்பர் 1974

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்து டோரீன் கைதட்டினாள். நான் சுகம். அவளும் சுகம்தான், என்னோடு பேச மட்டும் மாட்டேன் என்கிறாள். சிரிக்காமல் கேள்.

வெளியூர் போகும்போதெல்லாம் நான் ஒரு நாள் தள்ளியே சொல்வேன். வியாழன் வருவேன் என்றால் வெள்ளி என்பேன். பனி, பஞ்சர், எதுவானாலும் அவள் ஜன்னலில் நின்று தவிக்கக்கூடாது என்றுதான். பதினைந்து வருட வழக்கம். கல்யாண நாளுக்காவது உள்ளபடி சொல்வோம் என்று, "வெள்ளி சாயந்தரம் வந்துடுவேன்" என்றேன். சொன்னபடி வெள்ளி ஆறு மணிக்கு, கையில் பூவோடு, வாசலில் நிற்கிறேன்.

வீடே இருட்டு. டோரீன் தலையில் சுருள் மாட்டிக்கொண்டு, பழைய அங்கியில், சமையலறையில் நின்றபடி சோளப்பொரியும் பாலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா, வெள்ளின்னு சொன்னேனே?"

"ஆமா, வெள்ளின்னுதான் சொன்னே! பதினஞ்சு வருஷமா நீ சொல்றதுல ஒரு நாளைக் கழிச்சுட்டுத்தானே நான் சட்டியை அடுப்புல வைக்கறேன்! நேத்து கறியைச் சுட்டு, நீல கவுனை மாட்டிக்கிட்டு, எங்க அக்கா குடும்பத்தையே கூப்பிட்டு உட்கார வெச்சிருந்தேன். பத்து மணி வரைக்கும் வாசலைப் பாத்துட்டு, எல்லாத்தையும் அவங்களே தின்னுட்டுப் போயிட்டாங்க. என்ன மனுஷன்யா நீ! பொய் சொல்றதையாவது ஒழுங்கா சொல்லக் கூடாதா?"

நான் முதல்முறையாக உண்மை பேசியதற்கு இதுதான் கிடைத்தது. எலும்பு கூட மிச்சமில்லை.

தம்பி,
ஆர்வில்


பாசடீனா
14 டிசம்பர் 1974

ஆர்வில்,

உன் கடிதம் இன்று காலை வந்தது. டோரீனின் கையைப் பிடித்து என் சார்பில் நன்றி சொல். ஏன் என்று பிறகு எழுதுகிறேன். இப்போது அலுவலகத்துக்கு ஓடுகிறேன். சனிக்கிழமைதான், இருந்தாலும் கஸ் இருப்பான்.

வெ.


கியர்னி
30 டிசம்பர் 1974

அன்புள்ள அக்கா,

பண்டிகைக்கு வாழ்த்து. சுகமா? இரண்டு வாரமாகக் கடிதம் இல்லை. இரண்டு தடவை போன் செய்தும் மணி மட்டும்தான் அடிக்கிறது. எதற்கு நன்றி என்று புரியாமல் டோரீன் என்னைத் துளைக்கிறாள். ஆனால் அந்தச் சாக்கில் பேச ஆரம்பித்துவிட்டாள், அதற்கு உனக்கு நன்றி.

ஒரு வரி போடு. ஒரே வரி போதும்.

ஆர்வில்


பாசடீனா
12 ஜனவரி 1975

அன்புள்ள ஆர்வில், அன்புள்ள டோரீன்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. களைப்புத்தான். உங்களைத் தவிக்கவிட்டதற்கு மன்னியுங்கள்.

அன்று காலை காப்பி குடித்துக்கொண்டே உன் கடிதத்தைப் படித்து, டோரீன் சோளப்பொரியோடு நிற்கிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன். அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. கஸ் பதினெட்டு வருடமாக என் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறவன். அவனும் டோரீனைப் போல இருந்தால்?

நேராக அவன் மேஜைக்குப் போனேன்.

"கஸ், நான் குடுக்கற எண்ணை நீ அப்படியே எடுத்துக்கறியா?"

அவன் பென்சிலைச் சீவ ஆரம்பித்தான். "எதுக்குக் கேக்கற?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கோவிச்சுக்காதே வெர்னா. அந்தக் கால் முறிஞ்சதுலேருந்து உன் எண்ணெல்லாம் உப்பிப்போச்சு. ரெண்டு கலம் பறந்தப்போ அளந்ததை உன் தாளோட வெச்சுப் பாத்தேன். எப்பவும் அதே கால் பங்கு கூட. உன்கிட்ட கேட்டா நீ வருத்தப்படுவியேன்னு, நானே அஞ்சுல ஒரு பங்கைக் கழிச்சுட்டு வரையறேன். நீ இருபத்தஞ்சுன்னா எனக்கு இருபது."

"இப்போ அனுப்பினேனே, இருபதுன்னு?"

"அது பதினாறு."

"கஸ், அந்த இருபது நிஜம்."

அவன் கையிலிருந்த பென்சில் முனை ஒடிந்தது. அந்தச் சின்னச் சத்தம் எனக்குப் போதும்.

"கடவுளே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ?" என்று கத்தினான். "நீ சொல்லக் கூடாதா?" என்று நானும் கத்தினேன். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். யோசித்துப் பார், தம்பி. ஆறு வருடமாக நான் கூட்டினேன், அவன் கழித்தான். இரண்டு பொய்யும் சேர்ந்து கலத்தில் எப்போதும் சரியான கால்தான் இருந்தது. நான் திருந்திய அன்றுதான் அது கெட்டது. அந்த ஆறு பவுண்டு லாபமே இல்லை, கலத்தின் எலும்பிலிருந்து உருவிய எடை. மேஜையில் ஏற்றியிருந்தால் முறிந்திருக்கும். முறிந்திருந்தால் ஆகஸ்டும் போயிருக்கும்.

கஸ் அன்றைக்கே பழைய கால்களுக்குத் திரும்பினான். பட்டறையில் பண்டிகைக்கும் ஆள் போட்டார்கள். நானும் அங்கேயே கிடந்தேன், அதனால்தான் போன் எடுக்கவில்லை. அதாவது ஆறு பவுண்டு திரும்ப ஏறிவிட்டது, மிரியமின் கருவி மறுபடி இறங்க வேண்டும். அவளிடம் நான் தனியாகச் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை கழிந்த திங்கட்கிழமையே பதினான்கு பேர் முன்னால் எழுந்து நின்று ஆறு வருடக் கதையையும் சொன்னேன். கஸ் பக்கத்தில் எழுந்து தன் பங்கைச் சொன்னான். மிரியம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் சரி என்றுதான் நின்றேன்.

 ஹாலிஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"சரி. வெர்னா சொல்லிட்டா. இந்த ரூம்ல வேற யார் யார் எதை எதைப் பதுக்கி வெச்சிருக்கீங்க? இப்போ சொன்னா ஒண்ணும் பண்ண மாட்டேன். நாளைக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவேன்."

 முதலில் ஒயர் போடுகிற ரே ஒகாடா இருமினான். "மூணு பவுண்டு. கடைசி நேரத்துல இன்னும் ஒயர் குடுங்கன்னு வந்து நிப்பீங்களேன்னுதான்..." குளிர் தாக்காமல் கலத்துக்குப் போர்வை தைக்கிறவர் இரண்டு பவுண்டு ஒப்புக்கொண்டார். ஐந்தாயிற்று. அதற்கு மேல் வரவில்லை. ஒரு பவுண்டுக்காக அந்தக் கருவி போய்விடுமே என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

அப்போது மிரியம் கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"என் கருவி பத்து பவுண்டுன்னு எழுதிக் குடுத்தேனே, அது பத்து இல்ல. எட்டரை."

அறையே வெடித்துச் சிரித்தது. "அடிப்பாவி! உன் டப்பாவுக்காகத்தானே நான் இத்தனை பாடு பட்டேன்!" என்றேன். "முன்னாடியே எட்டரைன்னு சொல்லியிருந்தா, ஹாலிஸ் ஏழாக்குன்னு சொல்லியிருப்பாரே!" என்றாள். ஹாலிஸ் மறுக்கவில்லை. ஆக, ஆறரை. கருவி ஏறுகிறது.

எனக்குத் தண்டனையும் உண்டு. இனி என் தாளில் இரண்டு கட்டம். முதலில் எண். அடுத்தது, அதைப் பற்றி எனக்கு எவ்வளவு பயம் என்பது. பயத்தை எண்ணுக்குள் ஒளிக்கக்கூடாது, தனியாக எழுத வேண்டும். "பயத்தை எழுதிக் குடு. எவ்வளவு சேர்க்கணும்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிக்கலாம்" என்றார் ஹாலிஸ். தண்டனை என்றுதான் கொடுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மேஜை பிப்ரவரி 10-க்குத் தள்ளிப் போயிருக்கிறது. எண்: இருபது. பயம்: கொஞ்சம் இருக்கிறது.

டோரீன், நீ கழித்த அந்த ஒரு நாள் ஒரு விண்கலத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தக் கறிக்காக ஆர்விலை மன்னித்துவிடு.

வெர்னா


கியர்னி
25 ஜனவரி 1975

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு டோரீன் மூன்று நாளாகத் தலை நிமிர்ந்து நடக்கிறாள். கடைத்தெருவில் ஒருவர் பாக்கி இல்லை, எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

அந்த இரண்டு கட்டம் நல்ல ஏற்பாடு. நானும் எழுதிப் பார்க்கிறேன். என் முழங்கால் பிரமாதம் என்று எழுதினேனே, அது பொய். எண்: நூற்றுக்கு நாற்பது. லாரமியில் மூன்று நாள் உட்கார்ந்தது பனிக்கு ஒரு நாள், காலை மடக்க முடியாமல் இரண்டு நாள். மார்ச் ஆறாம் தேதி அறுவை. பயம்: மறுபடி லாரி ஓட்ட விடுவார்களா என்று. இதை டோரீனுக்கு அடுத்து உனக்குத்தான் சொல்கிறேன்.

இப்போது உன் முறை. உன் கணவர் லாய்ட் உன்னை விட்டுப் போன நாளிலிருந்து, இரண்டரை வருடமாக, ஒவ்வொரு கடிதத்திலும் நீ "நலம்" என்று ஆரம்பிக்கிறாய். நானும் ஒவ்வொரு முறையும் அதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் படிக்கிறேன். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதானே நீ கடிதமே எழுதுகிறாய்? நானும் கஸ் மாதிரிதான், கேட்டால் வருத்தப்படுவாய் என்று கேட்காமலே கழித்துக்கொண்டிருந்தேன். நான் செய்தது சரியா, கூடப்போய்விட்டதா, எனக்குத் தெரியாது. நீதான் சொல்ல வேண்டும்.

உன் தம்பி,
ஆர்வில்


பாசடீனா
11 பிப்ரவரி 1975

அன்புள்ள ஆர்வில்,

நீ கழித்தது சரிதான். முதல் வருடம் பாதி போதாது, முக்காலே கழித்திருக்கலாம். இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பேன். உனக்கு எழுதவில்லை. எழுதினால் லாரியைத் திருப்பிக்கொண்டு வந்து நிற்பாய் என்று பயம். நீ கழித்துத்தான் படிக்கிறாய் என்று தெரிந்திருந்தால் அந்தத் தட்டு இவ்வளவு கனத்திருக்காது.

நேற்று மேஜை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒரு பக்கம் கஸ், ஒரு பக்கம் மிரியம். ஆட்டம் ஏற ஏற மிரியம் என் கையை நசுக்கிவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காரட் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. மேஜை நின்றது. கஸ் உள்ளே போய் எட்டுக் கால்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் இரண்டு தடவை விரித்துக் காட்டினான். பத்தும் பத்தும். இருபது.

மத்தியானம் மிரியம் முட்டை சாண்ட்விச்சில் முக்கால்வாசியை என் பக்கம் தள்ளினாள். பாதி என்று எண்ணி எடுத்ததாகச் சொல்கிறாள். அவள் எடை சொல்கிற லட்சணம் தெரிந்ததுதானே.

ஹாலிஸிடம் விடுப்புக் கேட்டுவிட்டேன். உன் அறுவைக்கு அங்கே இருப்பேன், வேண்டாம் என்று எழுதாதே. எலுமிச்சையும் ஒரு பை வருகிறது. ரயில் வந்து சேர்வது மார்ச் நாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை. சாயந்தரத்துக்குள் உன் வீட்டில் இருப்பேன்.

நான் நலம், ஆர்வில். இந்த முறை எதையும் கழிக்காதே. பயம் என்று எழுத உன் முழங்காலைத் தவிர வேறெதுவும் இல்லை.

டோரீனிடம் சொல்: நாலு என்றால் நாலு. மூன்றாம் தேதி சட்டியை அடுப்பில் வைக்க வேண்டாம்.

உன் அக்கா,
வெர்னா